மாரடைப்பும் இதயக்குழாய்ச் சிகிச்சையில் கருத்து வேறுபாடுகளும்

மாரடைப்புக்கான இதயக்குழாய்ச் சிகிச்சை என்பது, குருதி உறைவால் அடைபட்ட இதயத் தமனியை மருந்தினாலோ ஆஞ்சியோபிளாஸ்டியினாலோ திறக்கும் முறையாகும். எதை, எப்போது செய்வது என்பதில் ஒரே நோயாளியைக் காணும் இரு மருத்துவர்கள் வேறுபடுவதுண்டு. இதனைப் பணநோக்கு என்று மட்டும் கருதுவது பொருந்தாது.

தொலைவும் நேரமும்

ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு உறுதியான 120 நிமிடங்களுக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய இயலுமாயின் அதுவே சிறந்தது. இயலாவிடில் உறைவைக் கரைக்கும் ஊசியை உடனே செலுத்த வேண்டும். சிக்கல் அந்த 120 நிமிடக் கணிப்பில்தான் உள்ளது. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு சுமார் 30 கி.மீ. தொலைவிலும், சென்னை அதைப்போல் ஏறத்தாழ இருமடங்குத் தொலைவிலும் உள்ளன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவுப் பயணம் எளிது. விடுமுறை நாள் மாலையில் அவ்வாறன்று. எனவே "உடனே சென்னைக்கு அனுப்புக" என்பாருக்கும் "முதலில் ஊசி" என்பாருக்கும் நியாயம் உண்டு. ஊசியால் மூளையில் குருதி கசியும் இடர் சிறிதளவு உள்ளது; முதியோரில் இது கூடுதல்.

தமிழ்நாட்டு ஆய்வு

இவ்விரு வழிகளையும் இணைத்த திட்டம் தமிழ்நாட்டில் சோதிக்கப்பட்டது. இதய மருத்துவர்கள் தாமசு அலெக்சாண்டர், அஜித் முல்லாசரி முதலியோர் நடத்திய இவ்வாய்வின் முடிவுகள் 2017இல் வெளியாயின. சிறு மருத்துவமனைகள் ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள மையங்களுடன் இணைக்கப்பட்டன. தொலைவிலுள்ளோருக்கு முதலில் ஊசி போட்டு, 3 முதல் 24 மணி நேரத்திற்குள் ஆஞ்சியோகிராம் செய்வது இதன் நடைமுறை. 2,420 நோயாளிகள் இடம்பெற்றனர். ஓராண்டு இறப்பு விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. எனினும் இது திட்டத்திற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வே. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்த ஆய்வு அன்று.

தாமதமாக வருவோர்

கருத்து மோதல் மிகுதியாக இருப்பது இங்கேதான். வலியை வாயுத் தொல்லை என எண்ணிச் சில நாட்கள் கழித்து வருவோர் பலர். 2006இல் வெளியான ஓ.ஏ.டி. என்னும் பன்னாட்டு ஆய்வில், மாரடைப்பு ஏற்பட்டு 3 முதல் 28 நாட்கள் கடந்த, நிலை சீரான 2,166 பேர் ஆராயப்பட்டனர். முழுவதும் அடைபட்ட குழாயைத் திறந்ததால் இறப்போ, மறு மாரடைப்போ, இதயச் செயலிழப்போ குறையவில்லை. "அடைப்பு இருந்தால் எடுத்துவிட வேண்டும்" என்னும் பொது எண்ணத்திற்கு இது முரணானது. நோயாளியின் குடும்பத்தாருக்கு விளக்குவதும் எளிதன்று. வலி தொடர்ந்தாலோ இதயம் தளர்ந்தாலோ முடிவு மாறும்.

பிற குழாய்கள்

மாரடைப்புக்குக் காரணமல்லாத குழாய்களிலும் பெரிய அடைப்பு இருந்தால் அவற்றையும் சரிசெய்வது நலம் என 2019இல் வெளியான கம்ப்ளீட் ஆய்வு காட்டியது. ஆனால் குருதி அழுத்தம் மிகவும் வீழ்ந்து அதிர்ச்சி நிலையிலுள்ளோருக்கு, முதலில் காரணக் குழாயை மட்டும் திறப்பதே உயிர் காத்தது என 2017இன் மற்றோர் ஆய்வு கண்டது.