பேப்பரும் பேனையும் காணாத இடம்

எதிர்ப்பொருள் எண்டவுடன எங்களில பலருக்கு ஹொலிவூட் படங்கள்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால இருக்கிற பௌதிகவியலின் வரலாற்றில் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில படிச்ச ஒருவரும் இருக்கிறார். பெயர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர், பிறந்தது 1918இல். புலம்பெயர் தமிழர் அமைப்புகளில் அவர் செய்த வேலைகளைப் பற்றி எங்கட பக்கம் கதைப்பார்கள். அவர்ர பௌதிகவியலைப் பற்றிக் கதைப்பவர்கள் குறைவு.

கதை போல் டிராக்கில் தொடங்குது. 1928இல் கேம்பிரிட்ஜில் இருந்த டிராக் இலத்திரனுக்கு ஒரு சமன்பாடு எழுதினார். அது தேவைக்கு மேலாகத் தீர்வுகளைத் தந்தது. அதே திணிவும் எதிரான ஏற்றமும் கொண்ட ஒரு துணிக்கை இருக்கவேணும் எண்டு 1931இல் அவர் சொன்னார். அடுத்த வருசமே கலிபோர்னியாவில் கார்ல் அண்டர்சன் விண்ணிலிருந்து வரும் கதிர்களில் அதைக் கண்டார். பொசித்திரன் எண்டு பேர் வந்தது. இது ஏதோ எட்டாத பொருள் இல்லை. வாழைப்பழத்தில இருக்கிற பொற்றாசியமே இடைக்கிடை ஒரு பொசித்திரனை வெளிவிடும்.

கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் படிச்ச எலியேசர், கேம்பிரிட்ஜுக்குப் போய் இந்த டிராக்கிடம்தான் ஆய்வு செய்தார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943இல் அவர்ர கட்டுரை ஒண்டு வெளிவந்தது. கதிர்வீசும் இலத்திரனுக்கு டிராக் 1938இல் எழுதின சமன்பாட்டை அவர் ஐதரசன் அணுவில் போட்டுப் பார்த்தார். புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் போகும் இலத்திரன் அதில போய் விழவேணும், இல்லையா? சமன்பாட்டின்படி விழாது. இடையில் திரும்பி, மேலும் மேலும் வேகம் எடுத்து எங்கேயோ ஓடிவிடும். இழுக்கிற ஒண்டிடமிருந்து தப்பி ஓடுறது எண்டால் சமன்பாட்டில் ஏதோ பிசகு. குருவின் சமன்பாட்டிலேயே அந்தப் பிசகைக் காட்டின மாணவருக்கு அப்ப வயது இருபத்தைந்து அளவில். 1948இல் அவரே ஒரு மாற்றுச் சமன்பாட்டையும் முன்வைத்தார். வலிய லேசர் ஒளியில் இலத்திரன் எப்படி அசையும் எண்டு கணிக்கிறவர்கள் இண்டைக்கும் பாவிக்கிற சமன்பாடுகளில் ஒண்டில் எலியேசர் எண்ட பெயர் இருக்கு.

இதுக்கெல்லாம் அவருக்குத் தேவைப்பட்டது பேப்பர், பேனை, நல்ல நூலகம், கேள்வி கேட்க ஒரு டிராக். இங்கதான் எனக்கு ஒரு கேள்வி வருது. எங்கட பெருமைக் கதைகளில் கணிதக்காரரும் கோட்பாட்டுக்காரரும் நிறைய. பரிசோதனைக்காரர் எங்கே?

இண்டைக்கு எதிர்ப்பொருள் பரிசோதனை நடக்கும் முக்கியமான இடம் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் இருக்கிற சேர்ன். புரோத்தன் கற்றையை உலோகத் துண்டில் அடிச்சு எதிர்ப்புரோத்தன்களை உண்டாக்கி, வேகத்தைக் குறைச்சு, காந்தப்புலத்துக்குள் பிடிச்சு, பொசித்திரன்களோடு கலப்பார்கள். கிடைப்பது எதிர் ஐதரசன். 2010இல் அல்பா குழு 335 தடவை முயன்று பிடிச்சது 38 அணுக்கள். ஒவ்வொண்டும் நிண்டது ஒரு செக்கனில் ஆறில் ஒரு பங்கு அளவு. அடுத்த வருசம் அது 1000 செக்கன் ஆனது. எதிர் ஐதரசனும் கீழேதான் விழுது எண்டு 2023இல் காட்டினார்கள்.

அந்தக் கட்டுரைகளில் வரிசையாக இருக்கும் பெயர்களில் பல, முனைவர் பட்டம் முடிச்சு இரண்டு மூண்டு வருச ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஆய்வாளர்களுடையவை. கற்றை வருகிற மாதங்களில் இராப்பகலாக முறை போட்டு விழிச்சிருப்பார்கள். வெற்றிடக் குழாயில் எங்க கசியுது எண்டு தேடுவார்கள். திரவ ஈலியம் ஊற்றி −269 பாகைக்குக் குளிராக்குவார்கள். ஒப்பந்தம் முடிய அடுத்த நாட்டில் வேலை தேடுவார்கள். மின்சாரமும் பட்டறையும் தொழினுட்பவியலாளரும் இல்லாமல் இந்த வேலையில் ஒரு நாள்கூட ஓடாது.

ஹோமி பாபாவும் கேம்பிரிட்ஜ்காரர்தான். இலத்திரனும் பொசித்திரனும் மோதினால் எப்படிச் சிதறும் எண்டு 1935இல் கணிச்சவர். 1939இல் விடுமுறையில் இந்தியா வந்தவரைப் போர் திரும்பிப் போகவிடவில்லை. டாட்டாக்களின் பணத்தோடு 1945இல் அவர் தொடங்கின நிறுவனம் ஊட்டியிலும் கோலார் தங்கச் சுரங்கத்திலும் கருவிகளை வைத்தது. தமிழ்த் தொழிலாளர்களும் இறங்கி வேலை செய்த அந்தச் சுரங்கத்தில், 2 கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில் 1965இல் நியூத்திரினோக்கள் பதிவாகின. எலியேசர் இலங்கைக்குத் திரும்பிக் கணிதப் பேராசிரியரானார். பிறகு மலாயாவுக்குப் போனார். 1968இல் மெல்பேர்ண் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்குப் போய், 2001இல் காலமானார். பாபாவின் நிறுவனம் மாதிரி ஒண்டு இலங்கையில் எழும்பவில்லை. ரெண்டு பேருக்கும் திறமை இருந்தது. வித்தியாசம் நிறுவனத்தில்.

வன்னிக்கு வருவம். 1990களில் இங்க மின்சாரமே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு, டைனமோவைச் சுத்தி வானொலி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அதைப் போற்றிப் பாட எனக்கு விருப்பமில்லை. அது பஞ்சத்தின் வேலை. ஆனால் கையில் இருக்கிறதை வைச்சு ஒரு கருவியை ஓடப் பண்ணுறதுதான் பரிசோதனைக்காரரின் முதல் பாடம். அந்தக் கைப்பழக்கம் எங்கட ஆக்களிடம் இருந்தது. அதைப் பௌதிகவியலோடு சேர்க்க ஆய்வுகூடம் இருக்கேல்ல.

இப்ப அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கு. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. கட்டடங்கள் வந்திட்டுது. ஆனால் உயர்தரச் செயன்முறையைக் கொப்பியில் மட்டும் எழுதிப் பாடமாக்கி, அலைவுகாட்டியை ஒருமுறையும் தொடாமல் கம்பசுக்கு வாறவர்கள் இண்டைக்கும் இருக்கினம். நான் கலைப்பீடம், இதில் எனக்கென்ன எண்டு கேட்கலாம். எந்த ஊரில் எந்த அறிவு வளரும் எண்டதைப் பணமும் போரும் அரசும் எப்படித் தீர்மானிக்குது எண்டது வரலாற்றுக் கேள்வி. எலியேசரின்ர படத்தைச் சுவரில் மாட்டுறது லேசு. அதுக்கு முன்னால, பூட்டிக் கிடக்கிற ஆய்வுகூட அலுமாரியின் திறப்பு ஆரிட்ட இருக்கு எண்டு கேட்டுப் பாருங்கோ.