நாடி மறைந்தது, இருதயம் நின்றதா?

தாபோடியில் உள்ளூர் ரயிலேறி மேற்கே சென்றால், பிம்பரி, சிஞ்ச்வடு, தளேகாவ் கடந்து லோணாவளாவை அடைகிறோம். அங்கே 1924ஆம் ஆண்டில் சுவாமி குவலயானந்தர் கைவல்யதாமத்தை நிறுவி, யோகப் பயிற்சியைக் கருவி கொண்டு அளக்கத் தொடங்கினார். யோகியர் இருதயத்தையே நிறுத்திவிடுவர் என்ற பேச்சு நம்மவரிடையே வெகுகாலமாக வழங்கி வருவதன்றோ? அதனைச் சோதித்த வரலாறு தமிழகத்தையும் தொட்டுச் செல்கிறது.

1935இல் பிரெஞ்சு மருத்துவர் தெரேஸ் ப்ரோஸ் அம்மையார் மின்பதிவுக் கருவியுடன் இந்தியா வந்தார். அவர் சோதித்தவர்களுள் யோகாசாரியர் கிருஷ்ணமாசாரியாரும் ஒருவர். ப்ரோஸ் வெளியிட்ட பதிவொன்றில் இருதய மின்னலைகள் ஏறத்தாழ மறைந்தே போயின. பேச்சு வலுத்தது.

1957இல் வெங்கர், பக்சி என்னும் ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவிலிருந்து வந்து, தில்லியின் ஆனந்துடன் சேர்ந்து மீண்டும் சோதித்தனர். 1961இல் முடிவு வெளியாயிற்று. சோதிக்கப்பட்ட நால்வருள், அப்போது சென்னையில் வாழ்ந்த கிருஷ்ணமாசாரியாரும் இருந்தார். மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கினால் இருதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது, மணிக்கட்டு நாடி மறைகிறது, துடிப்போசையும் கேட்பதில்லை. மின்பதிவோ ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது! ஒருவர் மட்டும் துடிப்பை மெய்யாகவே சிறிது நேரம் தணித்தார். நிறுத்தியவர் எவருமிலர். யோகத்துக்கு இதனால் இழுக்கு வந்ததாக நாம் கருதவில்லை.

துடிப்பைத் தணிப்பது வேகஸ் நரம்பு. 1845இல் வெபர் சகோதரர்கள் இதைக் கண்டனர். மூச்சை மெல்ல வெளிவிடுகையில் நாடி சற்றே தாழ்வதும் இந்நரம்பின் செயலே. அச்சமும் சினமும் எழுந்தால் பரிவு நரம்புகளும் அட்ரினலினும் மேலோங்கித் துடிப்பை விரட்டுகின்றன. நலமுள்ள இருதயம் கடிகாரம் போல் ஒரே சீராக அடிப்பதில்லை. துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி நுட்பமாக மாறும். நீடித்த மனச்சோர்வு உள்ளவர் பலரிடம் இம்மாறுபாடு சுருங்கிக் காண்கிறது. மாரடைப்புற்ற 222 பேரை மாண்ட்ரியலில் ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட முடிவின்படி, மனச்சோர்வுற்றோரே ஆறு மாதத்துக்குள் மிகுதியாக இறந்தனர்.

திடீர்த் துயரம் வேறு வகையில் தாக்கும். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த நோயொன்றில், இருதயத்தின் கீழ்ப்பகுதி பலூன்போல் உப்பிச் செயல் குன்றுகிறது. அவர்கள் அதற்கு எண்காலி பிடிக்கும் பானையின் பெயரால் ‘தாகோட்சுபோ’ என்று பெயரிட்டனர். சில வாரங்களில் பெரும்பாலோர் தேறுவர். ஆயினும், ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்தபின் நெஞ்சு அடைக்குமானால், அது துயரமா, மாரடைப்பா என்பதை வீட்டிலிருந்தபடி பிரித்தறிய இயலாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.