வலிய பாவங்கள்: போன்ஹோஃபரின் நூல் வரைவில் அறநெறியின் இடம்

டேகல் சிறையிலிருந்து 1944 ஆகஸ்ட் 3-ஆம் நாள் எழுதிய கடிதத்துடன் ஜெர்மன் புரொட்டஸ்டண்ட் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் ஒரு நூல் வரைவையும் அனுப்பினார். நூறு பக்கத்துக்கு மேற்படாத நூல், மூன்று அத்தியாயம் என்பது அவர் திட்டம். எழுதத் தொடங்கிய நூல் தொலைந்துபோனது; வரைவு மட்டும் அவருடைய நண்பர் எபெர்ஹார்ட் பெத்கே 1951-இல் வெளியிட்ட சிறைக் கடிதத் தொகுப்பின் வழியாக நமக்கு வந்து சேர்ந்தது. சமயப் பிடி தளரும் சமூகத்தில் கிறித்தவ அறநெறி எந்நிலையில் நிற்கும் என்று கேட்போர் அனைவரும் இந்தச் சில பக்கங்களுக்குத் திரும்பி வருகிறார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் முதல் அத்தியாயத்தின் கடைசி உட்பிரிவைக் கவனிக்காமலே கடந்துவிட்டார்கள். கவனித்த சிலர், என் கணிப்பில், அதைத் தலைகீழாகப் படித்துவிட்டார்கள்.

அந்த உட்பிரிவு முழு வாக்கியம்கூட இல்லை. மக்களின் பொது ஒழுக்கம் என்று ஒரு தலைப்பு, அதற்குச் சான்றாகப் பாலியல் ஒழுக்கம் என்று ஒரு குறிப்பு. அவ்வளவே. விரித்து எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட நினைவுக்குறிப்பு என்பது வெளிப்படை. இந்தச் சில சொற்களின் மேல்தான் ஒரு வாசிப்பு மரபு கணிசமான பாரத்தை ஏற்றியிருக்கிறது. அம்மரபின்படி இது ஒரு சரிவுக்கணக்கு: மனிதன் கடவுளை ஒதுக்கினான், திருச்சபை செல்வாக்கு இழந்தது, ஒழுக்கம் குலைந்தது, குலைந்ததற்குப் படுக்கையறையே அத்தாட்சி. இப்படிப் படித்தால் மூன்றாம் அத்தியாயத்தில் வரும் நற்பண்புப் பட்டியல் அந்த நோய்க்கு மருந்துச்சீட்டாகிவிடும். நம்பிக்கை போன பின்பும் சமூகத்துக்கு நெறி வேண்டும், அதை வழங்கத் திருச்சபை வேண்டும் என்ற முடிவு தானாகப் பின்தொடரும்.

நான் முன்வைக்கும் வாசிப்பு வேறு. அந்த உட்பிரிவு மக்களின் மீது போடப்பட்ட குற்றச்சாட்டாக எனக்குத் தெரியவில்லை. திருச்சபை மக்களை எந்த அளவுகோலால் அளந்துவந்தது என்பதன் பதிவாகத் தெரிகிறது. மூன்றாம் அத்தியாயம் அந்த அளவுகோலை மாற்றுகிறது. துண்டை மட்டும் வைத்து இதை நிறுவ முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுவ உதவுபவை மூன்று: அது நிற்கும் இடம், மூன்றாம் அத்தியாயத்தின் பட்டியல், ஏறத்தாழ நான்கு வாரம் முந்தைய ஒரு கடிதம்.

முதலில் இடம். முதல் அத்தியாயம் கிறித்தவத்தின் இருப்புக்கணக்கு. அதன் தொடக்கத்தில் மனித குலம் வயதுக்கு வந்துவிட்டது என்கிறார். விபத்தையும் விதியையும் எதிர்த்துத் தன்னைக் காப்பீடு செய்துகொள்ளும் முயற்சியாக மேற்கத்திய வரலாற்றைக் காண்கிறார். அடுத்து, நம் அறிவின் இடைவெளிகளை அடைக்க வைத்திருந்த கடவுள் தேவையற்றுப் போனதைச் சொல்கிறார். இவை இரண்டிலும் புலம்பல் இல்லை. மூன்றாவதாக வரும் பகுதி புரொட்டஸ்டண்ட் திருச்சபையின் மேல் பாய்கிறது. பக்தி இயக்கத்தை, சமயத்தைக் கடைசியாகக் காப்பாற்றப் பார்த்த முயற்சி என்கிறார். நாசிகளை எதிர்த்து நின்ற, தாமே சேர்ந்து உழைத்த அறிக்கைத் திருச்சபையையும் விட்டுவைக்கவில்லை: திருச்சபையின் உரிமைக்காக நின்றார்கள், பிறருக்காக ஆபத்தை ஏற்கவில்லை என்பது அவர் தீர்ப்பு. பாமர மக்களைத் தொடாமல் நடுத்தர, மேல்தட்டு வர்க்கத்தின் விவகாரமாகச் சுருங்கிவிட்டதையும் குறிக்கிறார். இந்தக் கண்டனத்தின் வாலில்தான் நம் துண்டு வருகிறது. இவ்வளவு கடுமையாகத் திருச்சபையை விசாரித்த பேனா, அடுத்த வரியிலேயே நீதிபதி நாற்காலியில் திருச்சபையை உட்காரவைத்து மக்களைக் கூண்டில் ஏற்றியது என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

முதல் அத்தியாயத்தில் கவலையே இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. இயற்கையிடமிருந்து தப்ப மனிதன் கட்டிய அமைப்புகளே இப்போது அவனை மிரட்டுகின்றன, அவற்றை எதிர்கொள்ளும் உள்ளுரம் அவனிடம் இல்லை என்று அங்கே வருந்துகிறார். சரிவுவாதிகள் இந்த இடத்தை மேற்கோளாகக் காட்டுவதுண்டு. ஆனால் வருத்தம் எதைப் பற்றியது? கட்டுக்கடங்கா அதிகாரத்தைப் பற்றியது. கட்டுத்தளர்ந்த இச்சை அங்கே பேச்சிலேயே இல்லை. 1944-ஆம் ஆண்டு பெர்லினில் கைதியாக இருந்தவருக்கு எது பெரிய ஆபத்தாகப் பட்டது என்பதில் புதிர் ஒன்றும் இல்லை.

இனிப் பட்டியல். மூன்றாம் அத்தியாயத்தில், திருச்சபை எதிர்த்து நிற்கவேண்டிய தீமைகளாக நான்கைச் சொல்கிறார்: அகந்தை, அதிகாரத்தை வழிபடுதல், பொறாமை, மாயையில் வாழ்தல். தீமை அனைத்துக்கும் வேர் இவைதாம் என்கிறார். பேசவேண்டிய நற்பண்புகளின் வரிசை நீளமானது. மிதம், நம்பகம், விசுவாசம், பொறுமை, தாழ்மை, உள்ளது போதும் என்ற மனம் ஆகியவை அதில் உண்டு. முதல் அத்தியாயத்தில் பொது ஒழுக்கத்தின் சான்றாக நிறுத்தப்பட்ட பாலியல் பாவத்துக்கு நான்கு வேர்களுள் ஒன்றாகக்கூட இடமில்லை. இது தற்செயல் என்றால், சான்றாகக் குறித்ததை முடிவுரையில் மறந்துபோன கவனமற்ற ஆசிரியராக அவர் இருக்கவேண்டும். போன்ஹோஃபரைப் பற்றி எதையும் சொல்லலாம், அதைச் சொல்ல முடியாது.

ஐயத்தை நீக்குவது 1944 ஜூலை 8-ஆம் நாள் கடிதம். ஆய்வாளர்கள் அதை வழக்கமாக உளவியல் மருத்துவத்தின் மேல் அவருக்கிருந்த வெறுப்புக்குச் சான்றாக எடுத்தாள்வார்கள். கடிதத்தின் இலக்கு அதைவிட அகலமானது. பொது வாழ்விலிருந்து விரட்டப்பட்ட கடவுளுக்கு மனிதனின் அந்தரங்கத்திலாவது இடம் பிடித்துக்கொடுக்க முயலும் போதகர்களைச் சாடுகிறார். ஒருவனின் பலவீனத்தை மோப்பம் பிடித்து, நீ பாவி என்று அவனை ஒப்புக்கொள்ள வைத்து, பிறகு அருளை நீட்டும் முறை அவருக்கு அருவருப்பாக இருக்கிறது. கதேயும் நெப்போலியனும் மனைவிக்கு எப்போதும் உண்மையாக இருக்கவில்லை என்பதாலா பாவிகள் என்று ஏளனம் செய்கிறார். பலவீனத்தில் பிறக்கும் பாவங்களைவிட வலிமையில் பிறக்கும் பாவங்களே பொருட்படுத்தத் தக்கவை என்று அங்கே வரையறுக்கிறார். மேதைக்கு அகந்தை, நடுத்தர வர்க்கத்தானுக்குப் பொறுப்பேற்க அஞ்சுவது என்று ஆளுக்கேற்ற வலிய பாவத்தையும் காட்டுகிறார். இதைப் படித்துவிட்டு ஆகஸ்ட் வரைவுக்குத் திரும்பினால், நான்கு வேர்களும் அந்த வலிய பாவங்களின் ஒழுங்குபடுத்திய வடிவம் என்பது விளங்கும். சான்றாக முதல் அத்தியாயத்தில் நின்றது ஜூலையில் ஏளனத்துக்கு ஆளான அதே அளவுகோல்.

எதிர்வாதங்களில் ஒன்று கனமானது. 1944 கோடையில் அவர் எழுதிய, விடுதலைக்கான வழியில் நான்கு நிலைகளைப் பாடும் கவிதை கட்டொழுங்கிலிருந்தே தொடங்குகிறது. புலன்களையும் உடலையும் அடக்குவது அங்கே முதற்படி. வரைவின் நற்பண்பு வரிசையிலும் கட்டொழுங்கு உண்டு. தவிர, 1943-இல் கைதாவதற்கு முன் எழுதிய ஒழுக்கவியல் கையெழுத்துப் பகுதிகளில் திருமணம், கருக்கலைப்பு குறித்து அவர் பேசுவது மரபுவழிப்பட்ட கடும் குரலில். 1943 மே மாதம் சிறையிலிருந்து எழுதிய திருமண அருளுரையும் அப்படியே. ஆகவே பாலியல் நெறியை அவர் கைவிட்டார் என்பது பொய்யாகும். நான் அதைச் சொல்லவும் இல்லை. அவர் எதைப் பாவம் என்று கருதினார் என்பது ஒரு கேள்வி. வயதுக்கு வந்த உலகத்தை நோக்கித் திருச்சபை எதைப் பேசவேண்டும் என்பது இன்னொன்று. கவிதையில் கட்டொழுங்கு செயலுக்கு ஆயத்தமாகும் ஒருவன் தன்மேல் தானே ஏற்கும் பயிற்சி. அயலானின் வீட்டுச் சாளரத்தில் எட்டிப்பார்க்கும் உரிமை அதிலிருந்து கிளைக்கவில்லை.

வரைவு என்பது வரைவுதானே, அதில் இவ்வளவு தேடலாமா என்று கேட்போருக்கு நீண்ட பதில் தேவையில்லை. சரிவு வாசிப்பும் இதே வரைவின் மேல்தான் கட்டப்பட்டது.

எதிர்முகாமில் உள்ளவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. 1960-களில் எழுந்த ஓர் அலை சமயமற்ற கிறித்தவம் என்ற அவருடைய சொல்லாட்சியைத் தூக்கிப் பிடித்து, வழிபாட்டையும் ஜெபத்தையும் கழித்துவிட்டு அன்பையும் நீதியையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு கட்டியது. அச்சொல்லாட்சி வரும் 1944 ஏப்ரல் 30-ஆம் நாள் கடிதத்திலேயே, சமயம் இல்லாத இடத்தில் வழிபாட்டுக்கும் ஜெபத்துக்கும் என்ன பொருள் என்று கேட்டு, நம்பிக்கையின் மறைபொருள்களை வெளியார் அறியாமல் காத்த பண்டைத் திருச்சபையின் மறைபொருள் ஒழுங்கை நினைவுகூர்கிறார். அதையடுத்த மே மாதம் பெத்கேயின் மகனுடைய ஞானஸ்நானத்துக்கு எழுதியனுப்பிய சிந்தனையில், வரும் காலத்தில் கிறித்தவனாக இருப்பது ஜெபத்திலும் மனிதரிடையே நீதி செய்வதிலும் அடங்கும் என்கிறார். இரண்டில் ஒன்றை வெட்டினால் மற்றது நிற்கும் என்பதற்கு அங்கே இடமில்லை. இரு முகாமும் பகைபோலத் தோன்றினாலும் ஒரே எண்ணத்தைப் பகிர்ந்துகொள்கின்றன: நெறியை நம்பிக்கையிலிருந்து பிரித்தெடுத்துச் சமூகத்திடம் ஒப்படைக்கலாம் என்பது. ஒரு முகாம் ஒப்படைத்தபின் கடையை மூடச் சொல்கிறது. மற்றது விநியோக உரிமையைக் கேட்கிறது.

விநியோக உரிமை என்று நான் சொல்வது மிகை ஆகாது. எர்ன்ஸ்ட் வொல்ஃப்காங் பெக்கன்ஃபோர்டே 1964-இல் ஓர் உரையில் முன்வைத்த கருத்து ஜெர்மன் பொதுவாழ்வில் பழமொழி அளவுக்குப் பரவிவிட்டது: சமயச் சார்பற்ற சுதந்திர அரசு, தன்னால் உறுதிசெய்ய இயலாத முன்நிபந்தனைகளை நம்பியே வாழ்கிறது. பிற்காலத்தில் அரசமைப்பு நீதிமன்ற நீதிபதியான அந்தக் கத்தோலிக்கச் சட்ட அறிஞர் இதிலிருந்து திருச்சபைக்குச் சிறப்புரிமை எதையும் கோரவில்லை. அவருடைய வாசகர்கள் கோரினார்கள். அரசால் விளைவிக்க முடியாத அறத்தைத் திருச்சபை விளைவித்துத் தரும், அதனால் அரசு அதைப் பேணவேண்டும் என்ற வாதம் அங்கிருந்து வளர்ந்தது. போன்ஹோஃபரையும் இந்த அணிக்குள் இழுக்க உதவுவது அவருடைய ஒழுக்கவியல் பகுதி ஒன்று. பகுத்தறிவு, சட்டம், மானுடம், சகிப்பு ஆகியவை முன்பு திருச்சபைக்கு எதிராக உயர்த்தப்பட்ட கொடிகள். கொடுங்கோன்மையின் கீழ் அவையே கிறித்தவத்தின் நிழலை நாடி வந்தன என்று அதில் எழுதுகிறார். உண்மைதான். ஆனால் அந்தப் பகுதி அடைக்கலம் தேடி வந்தவற்றைப் பற்றியது. அவை வந்தது தம் தோற்றுவாயான கிறிஸ்துவிடம் என்கிறாரே தவிர, வந்தவற்றைத் திருச்சபை உடைமையாக்கிக்கொண்டு வாடகைக்கு விடலாம் என்று எங்கும் சொல்லவில்லை.

வரைவு இதை இன்னும் தெளிவாக மறிக்கிறது. நற்பண்புகளை வரிசைப்படுத்தியபின், திருச்சபையின் சொல்லுக்கு எடை கூடுவது கருத்துகளால் ஆகாது, வாழ்ந்துகாட்டும் மனிதரால் ஆகும் என்ற பொருளில் எழுதுகிறார். முன்மாதிரி என்பதைப் புதிய ஏற்பாட்டிலிருந்தே மீட்கவேண்டும் என்றும் சேர்க்கிறார். 1934-இல் காந்தியிடமிருந்து அழைப்புக் கடிதம் பெற்றும் இந்தியா வர இயலாமல், மறு ஆண்டு ஃபின்கன்வால்டேயில் போதகர் பயிற்சி நிலையத்தை நடத்தி, மாணவர்களோடு ஒரே கூரையின் கீழ் ஜெபமும் உழைப்புமாக வாழ்ந்தவர் இவர். முன்மாதிரி என்று அவர் எழுதும்போது அந்தப் பட்டறிவும் கூடவே இருக்கிறது. விழுமியத்தைப் பொட்டலம் கட்டி அனுப்பலாம். முன்மாதிரியை அனுப்ப முடியாது, அது ஓர் ஆளாகத்தான் வரவேண்டும்.

வலிய பாவங்களின் பட்டியல் இன்று எதை விளக்குகிறது என்று பார்ப்பது ஆய்வு எல்லையை மீறுவதாகச் சிலருக்குப் படலாம். மீறத்தான் வேண்டியிருக்கிறது. ஜெர்மன் கத்தோலிக்க ஆயர்கள் கேட்டுப் பெற்ற ஆய்வறிக்கை 2018-இல் வெளிவந்தது. 1946 முதல் 2014 வரை 3,677 சிறார் வன்கொடுமைக்கு ஆளானதையும், குற்றம் சாட்டப்பட்ட திருப்பணியாளர் 1,670 பேர் என்பதையும் அது கோப்புகளிலிருந்தே காட்டியது. புரொட்டஸ்டண்ட் திருச்சபை பற்றிய ஆய்வு 2024 ஜனவரியில் வந்தது. பாலியல் ஒழுக்கத்தை மக்களின் நாடித்துடிப்பாகப் பிடித்துப் பார்த்துவந்த நிறுவனம் அதே இடத்தில் பிடிபட்டது என்பது எளிய கேலி. அதில் நின்றுவிடுவதால் பயனில்லை. 2018 அறிக்கை திருப்பணியாளரின் அதிகாரநிலையையும் அதைக் காத்த அமைப்பையும் காரணங்களுள் வைத்தது. பலவீனத்தின் பாவமாக ஒவ்வொரு போதகரின் அந்தரங்கத்திலும் தேடப்பட்டது, வலிமையின் பாவமாக நிறுவனத்தில் இருந்தது. அதிகார வழிபாட்டை வேர்களுள் ஒன்றாக வைத்த வரைவு இதை முன்னறிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் சரிவு வாசிப்பு கையளிக்கும் அளவுகோலால் இந்தக் குற்றத்தை அளக்கவே முடியாது.

2022-இல் ஜெர்மன் மக்களில் இரு பெரும் திருச்சபைகளின் உறுப்பினர் தொகை முதன்முறையாகப் பாதிக்குக் கீழே போனது. அதையொட்டிய விவாதங்களில் மூன்றாம் அத்தியாயத்தின் நற்பண்புகள் அடிக்கடி ஒலிக்கின்றன. அதே அத்தியாயத்தின் தொடக்கம் ஒலிப்பதில்லை. பிறருக்காக இருக்கும்போது மட்டுமே திருச்சபை திருச்சபையாகிறது. அதற்கு முதல்படியாகச் சொத்து முழுவதையும் இல்லாதவர்க்குக் கொடுத்துவிட வேண்டும். போதகர்கள் சபையார் மனமுவந்து தரும் காணிக்கையில், தேவைப்பட்டால் வெளியே ஒரு தொழில் செய்து, பிழைக்கவேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறார். வைமார் அரசமைப்பின் 137-ஆம் பிரிவு இன்றைய அடிப்படைச் சட்டத்தின் 140-ஆம் பிரிவு வழியாகத் தொடர்வதால், வருமான வரியில் எட்டு அல்லது ஒன்பது விழுக்காடு திருச்சபை வரியாக இப்போதும் வசூலாகிறது. சொத்து பற்றிய வாக்கியத்தை இளமையின் மிகையார்வம் என்று விலக்கிவிட்டு, சில வாக்கியங்கள் தள்ளி வரும் நற்பண்புகளை மட்டும் முதிர்ந்த ஞானமாக ஏற்கும் பழக்கம் எழுத்துச் சான்றால் ஆதரிக்கப்படாதது. இரண்டையும் எழுதியபோது அவருக்கு வயது ஒன்றே, முப்பத்தெட்டு.