காப்பியின் தலையில் பழி

திருத்தணியில் 365 படிகளையும் ஏறி இறங்கியதும் அடிவாரத்தில் காப்பி சொன்னேன். அத்தை மட்டும் வேண்டாமென்றாள். மார்பில் கட்டியாம், காப்பியை விட்டால் கரையுமாம்.

நம்மூரில் காப்பி ஆரம்பத்திலிருந்தே பெரியவர்களிடம் வசவு வாங்கியதுதான். இந்தப் பழி மட்டும் அமெரிக்காவில் பிறந்தது. 1979-ல் ஒஹாயோவைச் சேர்ந்த மிண்டன் என்ற அறுவை மருத்துவர், காப்பி, தேநீரை விட்ட பெண்கள் பலருக்கு மார்புக் கட்டிகள் மறைந்ததாக எழுதினார். பின்னால், விட்டவர்களையும் விடாதவர்களையும் ஒப்பிட்டவர்கள் பெரிய வித்தியாசம் எதையும் காணவில்லை. சாதாரணக் கட்டிகள் மாதந்தோறும் ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்தோடு தாமே வீங்கி வடிபவை. காப்பியை நிறுத்திய வேளையில் வடிந்துவிட்டால், பழி காப்பியின் தலையில்! எது சாதாரணக் கட்டி என்பதை டாக்டரல்லவா சொல்ல வேண்டும்?

"டாக்டரிடம் காட்டினீர்களா, அத்தை?"

"காப்பியை விட்டு மூன்று மாசம்தானே ஆகிறது?" என்றாள்.