எதிரிக்கும் ஒரு முகம்: பிள்ளைகளுக்குப் பாத்திரம் கீறக் கற்பிப்பது பற்றி

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்து வாசிகசாலையில், சில மாதங்களாகச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பாத்திர வடிவமைப்புச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கார்ட்டூனுக்கும் கேமுக்கும் வேண்டிய ஆட்களை உருவாக்கும் வேலைதான் அது. வருகிறவர்கள் 12 முதல் 15 வயது வரையான பிள்ளைகள். எல்லோரும் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள்.

முதல் வகுப்பில், "ஒரு வீரனையும் அவன்ர எதிரியையும் கீறுங்கோ" என்றேன். வீரர்களுக்குக் கண், மூக்கு, தலைமுடி எல்லாம் கவனமாகக் கீறியிருந்தார்கள். எதிரிகளோ ஏறக்குறைய எல்லோரும் முகமூடி அல்லது ஹெல்மெட் போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். ஒரு பெடியன் தயங்காமல் சொன்னான்: "முகம் கீறினா சுட ஏலாதண்ணா."

கைத்தொலைபேசியில் விளையாடி விளையாடியே அவன் ஒரு தொழில் விதியைக் கற்றிருந்தான். துப்பாக்கி விளையாட்டுகள் பலவற்றில் எதிரிகள் முகம் மூடியவர்களாக, ஒரே அச்சில் வார்த்தவர்களாக வருகிறார்கள். ஒரே உருவத்தை நூறு முறை பயன்படுத்தினால் செலவு குறையும் என்பது ஒரு காரணம். விளையாடுபவருக்கு மனம் கூசக்கூடாது என்பது மற்றது.

இந்தக் கூச்சம் புதிதல்ல. 1978இல் ஜப்பானில் டொமொஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை உருவாக்கியபோது, மனித உருவங்களைச் சுடுவது சரியல்ல என்று கருதித்தான் வேற்றுக்கிரகப் பிராணிகளை எதிரிகளாக்கினார். 1980இல் டோரு இவதானி வேறு வழியில் போனார். சுடுவதை விட்டுவிட்டு, சாப்பிடுவதை வைத்து 'பேக்மேன்' செய்தார். அதில் துரத்தும் பேய்கள் நான்குக்கும் தனித்தனிப் பெயரும் நிறமும் உண்டு. குணமும் வேறு வேறு. ஒன்று பின்னாலேயே துரத்தும். இன்னொன்று முன்னால் போய் மறிக்கப் பார்க்கும். அன்றைய கணினியின் சின்னஞ்சிறு கொள்ளளவுக்குள்ளேயே எதிரிக்கு ஒரு ஆளுமை கொடுக்க முடிந்திருக்கிறது.

அழகாகக் கீறத் தெரிந்தவர்தான் பாத்திரம் உருவாக்கலாம் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். மாரியோவின் கதையை அவர்களுக்குச் சொல்வேன். 1981இல் 'டாங்கி காங்' விளையாட்டுக்காக ஷிகெரு மியமோட்டோ அவரை வடிவமைத்தபோது திரையில் கிடைத்தது சில புள்ளிகள் மட்டுமே. முடியை அசையச் செய்வது கடினம் என்பதால் தொப்பி வைத்தார். வாய் கீற இடமில்லாததால் மீசை வைத்தார். கை அசைவது தெரியவேண்டும் என்பதற்காக, சட்டையும் மேலாடையும் வேறு வேறு நிறத்தில் வந்தன. உலகத்துப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்த அந்த உருவம், இருந்த குறைபாடுகளுக்குக் கண்ட பதில்களால் ஆனது. வசதி குறைந்த இடத்தில் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

எதிரியின் முகத்தைப் பற்றி நான் இவ்வளவு யோசிப்பதற்குக் காரணம் உண்டு. முகமில்லாமல் காட்டப்படுவது எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். 2009 ஏப்ரலில் வன்னியிலிருந்து சனம் வெளியேறியதை வானிலிருந்து எடுத்த காணொளிகளில் உலகம் பார்த்தது. அந்தத் திரையில் எங்கள் அம்மாக்களும் பிள்ளைகளும் மணலில் நகர்கிற சின்னப் புள்ளிகள். அதே நேரம், மற்றப் பக்கத்தில் இருந்தவனுக்கும் முகம் இருக்கலாம் என்று எங்கள் கதைகளும் அதிகம் சொல்லித் தரவில்லை. இதை எழுதுவது வசதியாக இல்லை. ஆனால் பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

போரை அனிமேஷனில் நேர்மையாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். 1945இல் ஒக்கயாமா நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது தப்பி ஓடியவர்களில் ஒன்பது வயது இசாவோ தகஹாட்டாவும் ஒருவர். 1988இல் அவர் இயக்கிய 'கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃப்ளைஸ்', தாயை இழந்த ஒரு அண்ணனும் சின்னத் தங்கையும் பசியோடு போராடுவதைச் சொல்கிறது. 2017இல் அயர்லாந்தின் கார்ட்டூன் சலூன் நிறுவனம் தயாரித்த 'த பிரெட்வின்னர்' படத்தில், காபூலில் தகப்பன் சிறையில் அடைக்கப்பட்டதும், மகள் பர்வானா முடியை வெட்டிப் பெடியனாக உடுத்துக்கொண்டு உழைக்கப் போகிறாள். அதே முகம்தான், முடியும் உடுப்பும் மாறியதும் தெரு அவளை நடத்தும் விதம் மாறிவிடுகிறது. உடுப்பும் கதை சொல்லும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இந்தப் படங்களைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்டவேண்டாம். 13, 14 வயதில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சேர்ந்து பார்க்கவேண்டியவை இவை. போலந்தில் 2014இல் வெளியான 'திஸ் வார் ஒஃப் மைன்' விளையாட்டு பெரியவர்களுக்கானது. சரயேவோ முற்றுகையின் தாக்கத்தில் உருவான அதில் நீங்கள் படைவீரர் அல்ல. முற்றுகைக்குள் அகப்பட்ட பொதுமக்கள். ஒரு வயோதிபத் தம்பதியின் உணவைத் திருடினால், திருடிய பாத்திரமே மனமுடைந்து போகும். 2020இல் போலந்து அரசு அதை மேல்வகுப்பு மாணவர்களின் வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது.

வீட்டிலோ பாடசாலையிலோ சொல்லிக்கொடுக்க விரும்புகிறவர்களுக்கு, எங்கள் வகுப்பில் பயன்பட்ட முறை இது.

முதலில் பென்சிலைத் தொடவேண்டாம். இவருக்கு என்ன வேணும், எதற்குப் பயம், பையில் என்ன இருக்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் பிள்ளை வாயால் பதில் சொல்லட்டும்.

அடுத்து, உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பச் சொல்லுங்கள். அந்த நிழலை மட்டும் பார்த்து ஆளை அடையாளம் காண முடிந்தால் வடிவம் சரி.

பிறகு, அதே முகத்தைச் சிரிப்பு, கோபம், களைப்பு என்று மூன்று விதமாகக் கீறட்டும். மூன்றிலும் ஒரே ஆளாகத் தெரியவேண்டும்.

கடைசியாக, எதிரிக்கும் அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள்.

தாளும் பென்சிலும் போதும். கணினி இருந்தால் கீறுவதற்கு க்ரீட்டா, அசைவூட்டுவதற்கு பிளெண்டர் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கையும் உண்டு: போரைக் கீறு என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். தானாகக் கீறினால் துருவி விசாரிக்காதீர்கள். இது சித்திர வகுப்பு, சிகிச்சை அல்ல. பிள்ளை கலங்கினால் வகுப்பை நிறுத்தி, வீட்டாரோடு பேசி, மனநல உதவி பெற வழிசெய்யுங்கள்.

நான்காவது கிழமை, அந்தப் பெடியன் தன் எதிரியின் ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான். உள்ளே தூக்கமில்லாத இரண்டு கண்கள். பையில் என்ன என்று கேட்டேன். "பாணும் தண்ணிப் போத்திலும். அவனும் வீட்டை போகோணும் தானே" என்றான். இப்போது சுடுவதற்குப் பதிலாக என்ன செய்வது என்று தெரியாமல் அவனுடைய கேம் நடுவில் நிற்கிறது.

பக்கத்தில் இருந்த பிள்ளை ஒருத்தி முகம் கீற மறுத்துவிட்டாள். முகம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகவே இருந்தது. நான் ஏன் என்று கேட்கவில்லை. அந்த உரிமையும் அவளுக்கு உண்டு. அடுத்த சனி வரும்போது அவள் கலர் பென்சில் கொண்டுவரட்டுமா என்று மட்டும் கேட்டாள். கொண்டுவரச் சொன்னேன்.