டிராகன் குவெஸ்ட் (1986 வீடியோ கேம்)

டிராகன் குவெஸ்ட் என்பது 1986 மே 27 அன்று ஜப்பானில் ஃபாமிகாம் கருவிக்காக எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட மாயாஜால ரோல் பிளேயிங் கேம் (ஆர்பிஜி). சுன்சாஃப்ட் நிறுவனம் இதை உருவாக்கியது. கணினி வைத்திருந்த சிலர் மட்டுமே ஆடிவந்த ஆட்டவகையை, டிவி முன்னால் உட்காரும் சிறுவருக்கும் கைவரச் செய்தது இதன் சாதனை. ஜப்பானிய ஆர்பிஜி என இன்று அறியப்படும் மரபு இதிலிருந்தே வேர்விட்டது.

உருவாக்கம்

வடிவமைப்பாளர் யூஜி ஹோரி, ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ ஆகிய அமெரிக்கக் கணினி விளையாட்டுகளால் ஈர்க்கப்பட்டவர். அவற்றை ஆடக் கீபோர்டு வேண்டும். ஃபாமிகாமில் இருந்ததோ திசைக்கட்டையும் சில பொத்தான்களும்தான். ஆகவே பேசு, கதவைத் திற, மந்திரம் சொல் போன்ற கட்டளைகளைத் திரையில் பட்டியலாகக் காட்டித் தேர்ந்தெடுக்க வைத்தார். கோயிச்சி நகமுரா நிரல் எழுதினார். ‘டிராகன் பால்’ ஓவியர் அகிரா தோரியாமா உருவங்களை வரைந்தார். நீர்த்துளி வடிவில் சிரிக்கும் ஸ்லைம் அவர் கைவண்ணம். கோயிச்சி சுகியாமா இசையமைத்தார். முழு விளையாட்டும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இடம் போதாததால் ஜப்பானியக் கட்டகனா எழுத்துகளில்கூட ஒரு பகுதியையே சேர்த்தார்கள். பூதங்களின் பெயர்களும் அந்த எழுத்துகளுக்குள்ளேயே அமைந்தன.

ஆட்டமுறை

வீரன் லோட்டோவின் வழித்தோன்றலாக ஆடுபவர் அலெஃப்கார்ட் நாட்டில் இறங்குகிறார். ஆட்டம் தொடங்குவது பூட்டிய அரசவையில். அரசரிடம் பேசி, பெட்டிகளைத் திறந்து 120 பொன், சாவி, தீப்பந்தம் ஆகியவற்றை எடுத்து, கதவைத் திறந்து, படியிறங்கினால்தான் வெளியே போகமுடியும். அதற்குள் அடிப்படைக் கட்டளைகள் பழகிவிடும். விதிகளை விளக்கிச் சொல்லாமல் செய்யவைத்தே கற்பிக்கும் இந்த அறை, விளையாட்டு வடிவமைப்பில் ஓர் அரிய பாடம்.

பக்கத்து ஊர்க் கடையில் செப்பு வாள் 180 பொன்; கையிருப்புக்கு எட்டாது. மூங்கில் கழியோ கதாயுதமோ வாங்கிக்கொண்டு ஸ்லைம்களை அடிக்க வேண்டும். ஒரு ஸ்லைமுக்கு ஓர் அனுபவப் புள்ளி. 7 சேர்ந்தால் இரண்டாம் நிலை. உச்சநிலை 30. சண்டை எப்போதும் ஒருவருக்கு ஒருவர். பாலத்தைத் தாண்டினால் எதிரிகள் வலுக்கும் என்பதை அடி வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தோற்றால் கையிலுள்ள பொன்னில் பாதி போய்விடும், அனுபவம் குறையாது. அதனால் ஆட்டத்திறன் குறைந்தவரும் பொறுமையால் வெல்லலாம்.

பேய் அரசனான டிராகன் கோமானின் கோட்டை, புறப்படும் இடத்திலிருந்தே நீருக்கு அப்பால் கண்ணில் படும். ஊராரின் துப்புகளைக் கோத்து, வானவில் பாலம் அமைத்த பிறகே அங்கே போய்ச் சேரமுடியும். இறுதிச் சண்டைக்கு முன் அவன் உலகில் பாதியைத் தருவதாக ஆசை காட்டுவான். ஒப்புக்கொண்டால் ஆட்டம் அத்தோடு முடிந்துவிடும்.

மூல ஜப்பானியப் பதிப்பில் ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி இல்லை. அரசர் சொல்லும் 20 எழுத்து ‘உயிர்ப்பிக்கும் மந்திர’த்தைத் தாளில் எழுதிவைத்து, மறுமுறை அப்படியே உள்ளிட வேண்டும். ஓரெழுத்து பிசகினாலும் மந்திரம் ஏற்கப்படாது.

பரவலும் தாக்கமும்

1989இல் நின்டெண்டோ இதை ‘டிராகன் வாரியர்’ என்ற பெயரில் வட அமெரிக்காவில் வெளியிட்டது. அந்தப் பதிப்பில் மந்திரத்துக்குப் பதில் பேட்டரியால் சேமிக்கும் வசதி வந்தது; பாத்திரங்கள் நடக்கும் திசை நோக்கித் திரும்பவும் செய்தன. ஜப்பானில் இரண்டாம் பாகம் 1987இலும், லோட்டோவின் கதையைச் சொல்லும் மூன்றாம் பாகம் 1988இலும் வந்தன. எனிக்ஸ் 2003இல் ஸ்கொயர் நிறுவனத்துடன் இணைந்தது. கைபேசி உட்படப் பல கருவிகளில் இந்த விளையாட்டு மறுவடிவம் பெற்றுள்ளது. ஊராரிடம் விசாரித்து, ஆயுதத்துக்குப் பொன் சேர்த்து, படிப்படியாக வலுப்பெறும் இதன் அமைப்பைப் பின்வந்த எண்ணற்ற ஜப்பானிய ஆர்பிஜிக்கள் பின்பற்றின.