பாதி நோட்டிலிருந்து மின்கோப்பு வரை

வாணிபம் என்பது சரக்குகளின் போக்குவரத்து மட்டுமன்று. செய்திகளின் போக்குவரத்தும் ஆகும். சரக்கு புறப்படுமுன் அதைப் பற்றிய ஓலை செல்லவேண்டும். சரக்குச் சேர்ந்தபின் அதற்குரிய பணம் திரும்பவேண்டும். ஓலையும் பணமும் செல்லும் வழியில் கள்வர் இருப்பர் என்பதை அறியாத வணிகன் எந்த நூற்றாண்டிலும் இருந்ததில்லை.

இன்று அவ்வோலை கணிப்பொறிக் கோப்பாக உருமாறியிருக்கிறது. மும்பை மாதுங்காவில் கடை நடத்துபவரும், தில்லி கரோல்பாகில் கணக்கு எழுதுபவரும், புனேயில் ஒரு சிறு தொழிற்சாலையின் சம்பளப் பட்டியலைத் தயாரிப்பவரும் நாள்தோறும் கோப்புகளை அனுப்புகிறார்கள், பெறுகிறார்கள். விலைப்பட்டியல், பாங்குக் கணக்கு எண், தொழிலாளரின் பெயரும் முகவரியும் ஆகிய அனைத்தும் அக்கோப்புகளுள் அடங்கியுள்ளன. அவற்றைக் காப்பது எவ்வாறு என்னும் கேள்வி புதியதுபோலத் தோன்றினும், அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை இங்கு நாம் சுருக்கமாக நோக்குவோம்.

முதலில் உண்டியலைப் பார்ப்போம். கோயிலிலுள்ள உண்டியலை அன்று. வட இந்திய வணிகர் ஹுண்டி என்றும், நம் நகரத்தார் உண்டியல் என்றும் வழங்கிய பணமுறியைக் குறிப்பிடுகிறோம். ஓரூரிலுள்ள வணிகர், வேற்றூரிலுள்ள தம் கூட்டாளிக்கு, ‘இதைக் கொண்டுவருபவருக்கு இன்ன தொகை கொடுக்கவும்’ என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கண்டவுடன் பணம் தரவேண்டியது தர்சனி. தவணை கடந்து தரவேண்டியது முத்ததி. மதிப்புள்ள வணிகர் ஒருவர் வழியாக வந்தாலன்றிப் பணம் தரலாகாது என்று விதித்த உண்டியலுக்கு ஷா ஜோக் என்று பெயர். கள்வன் கையில் சீட்டுக் கிடைத்தாலும் பயனில்லை. ஏனெனில் அவனை அறிந்த ‘ஷா’ ஒருவரும் இரார்.

இவற்றினும் வியக்கத்தக்கது தொகையை எழுதிய முறை. ஆயிரம் ரூபாய் உண்டியலானால், ஆயிரம் என்று எழுதி, அதன் பாதி ஐந்நூறு என்றும், அப்பாதியின் இருமடங்கு முழுத்தொகை என்றும் அதே வாசகத்தில் எழுதிவிடுவார்கள். ஓரெண்ணைத் திருத்துகிறவன் மற்றவற்றையும் திருத்தவேண்டும். ஒன்று பிசகினாலும் மோசடி வெளிப்பட்டுவிடும். அதுவுமன்றி, உண்டியல் எழுதிய செய்தியைத் தெரிவிக்கும் கடிதம் ஒன்று தனியே கூட்டாளிக்குச் செல்லும். சீட்டு வந்ததும் அவர் அக்கடிதத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பார். சீட்டுத் தொலைந்துபோனால் பேட் என்ற மறுபடியும், அதுவும் தொலைந்தால் பர்பேட் என்ற மூன்றாம் படியும் எழுதப்பட்டன. சீட்டு ஒரு வழி, அதற்குரிய சான்று வேறொரு வழி: இதுவே அம்முறையின் உயிர்நிலை எனலாம்.

இதே அறிவு தபால் காலத்திலும் பயன்பட்டது. 1861 ஆம் ஆண்டின் காகித நாணயச் சட்டத்தின்படி இந்திய அரசாங்கம் நோட்டுகளை வெளியிடத் தொடங்கியது. நெடுந்தூரம் செல்லும் தபாலை முழுதும் நம்ப இயலாத நிலையில், மக்கள் நோட்டை இரண்டாக வெட்டி, முதலில் ஒரு பாதியை அனுப்பினார்கள். அது சேர்ந்ததென்று மறுமொழி வந்தபின்னரே மறு பாதியை அனுப்பினார்கள். பெற்றவர் இரு பாதிகளையும் ஒட்டிப் பணமாக்கிக்கொண்டார். வழியில் ஒரு பையைக் கொள்ளையிட்டவனுக்குக் கிடைத்தது பாதிக் காகிதமேயன்றிப் பணமன்று. அவ்வாறு வெட்டி ஒட்டிய நோட்டுகளை நாணயம் திரட்டுவோர் இன்றும் போற்றி வைத்திருக்கிறார்கள்.

பின்னர்த் தந்தி வந்தது. கல்கத்தாவிலிருந்து டயமண்டு துறைமுகம் வரை ஓஷாக்னஸி என்னும் மருத்துவர் அமைத்த தந்திப் பாதை 1851 இல் இயங்கியது. 1855 இல் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இப்போது செய்தி கம்பியில் பறந்தது. ஆயினும் அதை அனுப்புபவரும் வாங்குபவரும் இடையிலிருந்து மாற்றி அனுப்புபவரும் அதனைப் படிக்கவேண்டியிருந்தது! ஆகவே வணிகர் சங்கேத நூல்களை நாடினார்கள். 1906 இல் வெளியான பென்ட்லியின் சங்கேத நூல் அவற்றுள் பெயர்பெற்றது. ஒரு நீண்ட வாக்கியத்திற்கு ஐந்தெழுத்துக் குறி ஒன்று. கட்டணத்தைக் குறைப்பதே அந்நூல்களின் முதல் நோக்கம். மறைவு அதனுடன் சேர்ந்த ஆதாயம். பாங்குகளோ மேலும் ஒருபடி சென்றன. தந்தி வழியே பணம் அனுப்ப ஆணையிடும்போது, தொகை, தேதி முதலியவற்றிலிருந்து இரகசிய அட்டவணைகொண்டு கணக்கிட்ட ஒரு சோதனை எண்ணையும் சேர்த்து அனுப்பின. பெற்ற கிளை தன் அட்டவணையில் கணக்கிட்டு, எண் ஒத்துவந்தால்தான் பணத்தைக் கொடுத்தது. பாதியின் இருமடங்கு என்று உண்டியலில் எழுதிய கை இங்கே எண்கணக்கில் மறுபிறவி எடுத்தது என்று நாம் கருதலாம்.

செய்தி செல்லும் வழியைக் காத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு, மின்தந்திக்கும் முற்பட்ட ஒரு நிகழ்ச்சி பிரான்சு நாட்டில் உண்டு. அங்கே கோபுரங்களின் உச்சியில் மரக்கைகளை அசைத்து அரசாங்கச் செய்திகளை அனுப்பும் முறை இருந்தது. தனியார் அதைப் பயன்படுத்த அனுமதியில்லை. 1834 முதல் 1836 வரை போர்தோ நகரத்துப் பிளாங்க் சகோதரர் இருவர், தூர் நகரத்து இயக்குநர் ஒருவருக்கு இலஞ்சம் கொடுத்து, அரசாங்கச் செய்திக்கு நடுவே பிழைபோலத் தோன்றும் குறிகளைச் செருகச் செய்தார்கள். அப்பிழையே பாரிசின் பங்குச் சந்தை ஏறியதா இறங்கியதா என்பதை அவர்களுக்கு உணர்த்தியது. தபால் வண்டியில் அச்செய்தி வருமுன் அவர்கள் இலாபம் ஈட்டிவிட்டார்கள். கோபுரத்தை எவரும் உடைக்கவில்லை. சங்கேதத்தை எவரும் அவிழ்க்கவில்லை. வழியில் அமர்ந்திருந்த ஒரு மனிதரே விலைக்குப் போனார்.

இனிக் கணிப்பொறிக் காலத்துக்கு வருவோம். ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பை அனுப்புவதற்குரிய எஃப்.டி.பி. என்னும் நெறியை முதன்முதல் வகுத்து எழுதியவர் அபய் பூஷண் என்ற இந்தியர். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் மாணவர் அணியில் 1965 இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பயின்றுகொண்டிருந்தபோது, 1971 ஏப்ரலில் அவர் அந்நெறியை வெளியிட்டார். அக்காலத்து வலையில் இணைந்திருந்த கணிப்பொறிகள் மிகச் சில. பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள். ஒருவரையொருவர் அறிந்த ஓர் ஊர்போல அது இருந்தது. எனவே அந்நெறியில் பெயரும் கடவுச்சொல்லும் திறந்த கடிதத்தில் எழுதியதுபோல மறைவின்றியே சென்றன. ஊர் சிறிதாயிருந்தவரை குறையில்லை. ஊர் உலகமாக விரிந்தபோதுதான் கதவில் தாழில்லை என்பது தெரிந்தது.

தாழுக்குரிய கணிதம் 1976 இல் பிறந்தது. டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர், முன்பின் சந்தித்திராதவர்களும் திறந்த வழியிலேயே இரகசியத் திறவுகோல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம் என்று காட்டினார்கள். மறு ஆண்டில் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் ஆகியோர் மற்றொரு முறையைக் கண்டார்கள். பூட்டை ஊரெங்கும் கொடுத்துவிட்டுச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வதற்கு அதனை ஒப்பிடலாம்: எவரும் பூட்டலாம், உரியவர் மட்டுமே திறக்கலாம். 1995 இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்டன. அதைக் கண்ட டாட்டு இலோனென் என்பவர் எஸ்.எஸ்.ஹெச். என்னும் மறைவழியை இயற்றினார். அவ்வழியின்மேல் கோப்புகளைச் செலுத்தும் முறையே பின்னர் எஸ்.எஃப்.டி.பி. எனப்பட்டது. கோப்பிலிருந்து கணக்கிட்டெடுக்கும் ‘ஹாஷ்’ என்னும் சுருக்க எண்ணும் வழக்கத்திற்கு வந்தது. கோப்பில் ஓரெழுத்து மாறினாலும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். உண்டியலின் பாதித்தொகைக்கு இது பெயர்த்தி முறை ஆகவேண்டும்!

இவ்வளவும் கிடைத்தபின் அச்சம் ஒழிந்ததா? ஒழியவில்லை. வழியில் பூட்டு வலுத்ததும் கள்வர் வழியை விட்டுவிட்டு, வழியின் முனைகளுக்குச் சென்றார்கள்.

2016 பிப்ரவரியில் நடந்த வங்கதேச பாங்கின் நிகழ்ச்சியைக் காண்க. உலக பாங்குகள் பணச்செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு 1973 இல் தோன்றி 1977 இல் இயங்கத் தொடங்கியது. அதன் வழியைக் கள்வர் உடைக்கவில்லை. டாக்காவில் பாங்கின் சொந்தக் கணிப்பொறிகளுக்குள் புகுந்து, உரியவர்களைப் போலவே நியூயார்க்கிலுள்ள ஃபெடரல் ரிசர்வ் பாங்குக்கு 35 ஆணைகளை அனுப்பினார்கள். கேட்ட தொகை சுமார் 95 கோடி டாலர். செய்திகளை அச்சிட்டுக் காட்டவேண்டிய அச்சுப்பொறியும் அப்போது இயங்கவில்லை. டாக்காவில் வெள்ளி விடுமுறை. நியூயார்க்கில் சனி, ஞாயிறு விடுமுறை. மணிலாவில் திங்கள் சீனப் புத்தாண்டு விடுமுறை. 8.1 கோடி டாலர் மணிலாவுக்குச் சென்றுவிட்டது. இலங்கைக்குச் செல்லவிருந்த 2 கோடி டாலரோ தப்பியது. எப்படி? பெறுபவரின் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தது. இடையிலிருந்த பாங்கில் அதைக் கண்டவர்கள் ஐயமுற்று விளக்கம் கேட்டார்கள். எந்திரம் ஏற்றுக்கொண்டதை ஒரு மனிதக் கண் தடுத்தது.

2023 மே மாத இறுதியில் நடந்தது வேறுவகை. வணிக நிறுவனங்கள் கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்புவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்திய மூவ்இட் என்னும் மென்பொருளில் ஒரு குறை இருந்தது. க்ளோப் என்ற கொள்ளைக் கூட்டத்தார் அதன் வழியே புகுந்து, அதில் தேங்கியிருந்த கோப்புகளை அள்ளிச் சென்றார்கள். உலகெங்கும் 2,000 க்கு மேற்பட்ட நிறுவனங்கள் பாதிப்புற்றன. கோப்புகள் வழியில் திருடப்படவில்லை. தபால் நிலையமே கொள்ளைபோயிற்று. அதன் குறையைத் திருத்தும் மாற்று மே 31 இல் வெளிவந்தது. ஆனால் கொள்ளை அதற்கு முன்பே நடந்துவிட்டது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. செய்தி செல்லும் வழிக்குக் காவல் வேண்டும். ஆனால் அது போதாது. அது புறப்படும் அறைக்கும் தங்கும் அறைக்கும் சேரும் அறைக்கும் காவல் வேண்டும். பழைய வணிகர் இதை அறிந்தே நடந்தனர். அவர்கள் வழக்கங்களை இக்காலத்திற்கு ஏற்றுக்கொள்வது கடினமன்று.

கோப்பை மறைவழியில் அனுப்புக. அதைத் திறக்கும் கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாது, தொலைபேசியில் கூறுக. பாதி நோட்டை ஒரு பையிலும் மறு பாதியை வேறு பையிலும் அனுப்பியதும் இதுவே. சரக்குக் கொடுப்பவரிடமிருந்து ‘எங்கள் பாங்குக் கணக்கு மாறிவிட்டது, இனி இதற்குப் பணம் அனுப்பவும்’ என்று கடிதம் வந்தால், அக்கடிதத்திலுள்ள எண்ணுக்கன்று, நம்மிடம் முன்பே உள்ள எண்ணுக்குப் பேசிக் கேட்டறிக. ஷாவின் சாட்சியம் இன்று தொலைபேசிக் குரலாகியிருக்கிறது. உள்நுழைவதற்குக் கடவுச்சொல்லோடு இரண்டாவது சான்றும் வைக்க. வேலை முடிந்த கோப்பை அனுப்புமிடத்தில் தேங்கவிடாது நீக்குக. இல்லாததைக் கள்வன் எடுக்க முடியாது. மென்பொருளைத் திருத்தும் மாற்று வந்த அன்றே ஏற்றுக்கொள்க. வேறொரு படியை வலையோடு இணையாத இடத்தில் வைத்திருக்க. பேட்டும் பர்பேட்டும் வீணாக எழுதப்பட்டவை அல்ல.

நம் நாட்டின் சட்டமும் இதற்குத் துணைநிற்கிறது. 2000 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்கையொப்பத்திற்குச் சட்ட மதிப்பு அளித்தது. 2022 ஏப்ரலில் இந்தியக் கணிப்பொறி அவசரநிலைக் குழு பிறப்பித்த ஆணையின்படி, இத்தகைய தாக்குதல்களை நிறுவனங்கள் அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும். பணம் பறிபோனவர் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கலாம். நாணம் கருதித் தாமதிப்பதே கள்வனுக்கு நாம் தரும் பரிசாகும்.

சொந்த ஊரை விட்டு அயல் மாநிலத்தில் அலுவலகக் கணக்கையும் கடையையும் காத்துவரும் நம்மவர்க்கு, பிறர் நம்பி ஒப்படைத்ததைக் காப்பதே முதல் மூலதனம். தொழிலாளி ஒருவரின் சம்பளக் கோப்பு நம் கையிலிருந்து செல்லும்போது, அவர் வீட்டின் மாதச் செலவே அதனுடன் செல்கிறது. அதை அனுப்பும் பொத்தானை அழுத்துமுன், நோட்டின் மறு பாதியை அனுப்புமுன் மறுமொழிக்குக் காத்திருந்த அந்த வணிகரைப்போல, நாமும் ஒரு கணம் நிறுத்திச் சரிபார்ப்போமாக.